பாகங்களைப் பூட்டினால் ரைஃபிள் செய்ததாகுமா?

அமெரிக்காவில் ஏஆர்-15 என்ற ரைஃபிளின் பாகங்களை வாங்கி, வீட்டு மேசையில் பின்களைத் தட்டி, பேரலை (குழலை) இறுக்கும் நட்டை முறுக்கிவிட்டு, நானே செய்த ரைஃபிள் என்கிறார்கள். சரி, ஆனால் அதில் கடினமான வேலை, அதாவது தோட்டா உட்காரும் அறைக்கும் அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டுக்கும் இடையிலான அளவு, பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. ரெமிங்டன் 700 என்ற ரைஃபிளுக்குப் புதுப் பேரல் போடும் கன்ஸ்மித்தோ (துப்பாக்கி வேலை செய்பவர்) லேத்தில் மரை வெட்டி, ரீமரால் அறையைக் குடைந்து, கேஜ் வைத்து அளவு பார்த்து, மறுபடி கொஞ்சம் குடைந்து... என்னைக் கேட்டால் இதுதான் செய்வது. முந்தையது பூட்டுவது. அதுவும் கேவலமில்லை, எந்தப் பேரலுக்கு எந்த போல்ட் என்று பார்த்து எடுக்க விவரம் வேண்டும். சட்டத்துக்கு இந்தச் சண்டையே இல்லை: அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, மற்ற பாகங்களைப் பூட்டும் உடற்பகுதியான ரிசீவரே துப்பாக்கிதான், கடையில் அதை வாங்கும்போதே துப்பாக்கி வாங்கியாகிவிட்டது.