பானைக்குக் குயவன், உலகுக்கு? நியாயமும் மீமாம்சையும்

கடவுள் உண்டா என்ற சண்டை ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் மட்டும் உரியதல்ல. வேதத்தை ஏற்ற இரண்டு தரிசனங்களே, அதாவது தத்துவப் பள்ளிகளே, இதில் எதிரெதிராக நின்றன: தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாயமும், வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சையும்.

நியாயத்தின் வாதம் எளிது. பானை ஒரு காரியம், அதாவது ஒரு காரணத்தால் உண்டானது. அதைச் செய்த குயவன் உண்டு. உலகமும் காரியம்தான், அதற்கும் அறிவுள்ள ஒரு கர்த்தா வேண்டும்.

7ஆம் நூற்றாண்டு மீமாம்சகர் குமாரில பட்டர் இதை லேசில் விடவில்லை. குயவனுக்கு உடம்பு இருக்கிறது, கடவுளுக்கு? இருந்தால் அந்த உடம்பைச் செய்தது யார்? கருணையால் படைத்தார் என்றால், படைப்புக்கு முன் இரங்குவதற்கு எந்த உயிர் இருந்தது? இரங்கியவர் இவ்வளவு துன்பத்தையும் சேர்த்தா படைப்பார்? அவரவர் வினைப்படி என்றால், சரி, அப்புறம் அவருடைய சுதந்திரம் எங்கே? வினையே போதுமே!

பின்னால் வந்த நியாயத் தத்துவவாதி உதயனர், நியாயகுசுமாஞ்சலி என்ற நூலில் இந்த இடத்தைத்தான் பிடித்தார்: வினை அறிவற்றது, தானாகப் பலன் தராது, நடத்த ஒருவர் வேண்டும். கெட்டிக்காரப் பதில். ஆனால் உடம்பு விஷயத்தில் நியாயம் சறுக்குகிறது என்பேன். அறிவும் விருப்பமும் முயற்சியும் போதும், உடம்பு வேண்டாம் என்கிறார்கள். குயவனை உதாரணமாகக் கூட்டி வந்துவிட்டு, அவன் கைகளை மட்டும் கழற்றி வைக்கச் சொன்னால் எப்படி?