கண்டியா, காட்மாண்டுவா? குப்பத்துக்காரன் கணக்கு

தமிழக, கர்நாடக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான குப்பத்தில் எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள் இந்தக் கோடைக்கு வெளிநாடு போயே தீருவது என்று நிற்கிறார்கள். சிங்கப்பூர் கட்டுப்படியாகாது. கைக்கு அடக்கமாக இருப்பவை இரண்டு: கண்டி, காட்மாண்டு. நான் இரண்டுக்கும் போய்வந்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது. "அங்க கலாட்டா எல்லாம் அடங்கிடுச்சா அண்ணா?"

அடங்கிவிட்டது. ஆனால் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி அடங்கவில்லை.

இலங்கையில் 2022இல் எழுந்தது வயிற்றுக் கோபம். டாலர் தீர்ந்து, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கில் வரிசை. ஜூலை 9 அன்று கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனம் புகுந்தது. நாட்டை விட்டு வெளியேறிய கோத்தபய ராஜபக்ச 14ஆம் தேதி பதவி விலகினார். 2018இல் 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு அந்த வருடம் வந்தவர்கள் 7.2 லட்சம்தான். 2024இல் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது. அதாவது, காயம் ஆறித் தழும்பாகிவிட்டது.

நேபாளத்தில் காயம் இன்னும் பச்சை. 2025 செப்டம்பர் 8 அன்று, சமூக ஊடகத் தடையையும் ஊழலையும் எதிர்த்துத் தெருவுக்கு வந்த இளைஞர்களில் 19 பேர் செத்தார்கள். மறுநாள் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எல்லாம் எரிந்தன. பிரதமர் ஒலி விலகினார். 12ஆம் தேதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமரானார். மொத்தம் எழுபதுக்கு மேல் உயிர்கள் போயின. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எரிந்தது அரசாங்கக் கட்டடங்களும் சில ஹோட்டல், கடைகளும். பழைய கோயில் சதுக்கங்களில் யாரும் கை வைக்கவில்லை. கலவரம் ஓய்ந்து மூன்று வாரத்துக்குள், தசரா நேரத்தில், இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் புதிய குமாரியாக, அதாவது வாழும் தெய்வமாகத் தேர்ந்தெடுத்து வீதியில் தூக்கிப் போனார்கள்.

நான் போனது அந்த நவம்பரில். 2015 நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி மறுபடி எழுப்பிய காஷ்டமண்டபத்தைப் பார்த்தேன். மரத்தாலான மண்டபம் என்பதுதான் பெயரே; ஊர்ப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். பக்கத்துச் சந்தில் ஒரு மரச்சிற்பக் கடை. மாலை நாலு மணி இருக்கும். கையகலப் பிள்ளையார் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். கடைக்காரர் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு "போஹனி" என்றார். நம்ம போணிதான். சாயங்காலம் நாலு மணிக்குப் போணி! பேரம் பேசியதற்கு வெட்கமாகப் போய்விட்டது.

பசுபதிநாதரை நம் ஆட்களுக்குத் தனியாகச் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. கருவறையில் பூஜை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்துக்காரர்கள் என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. குப்பத்துக்காரனுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை இருப்பது அங்கேயாவது பயன்படட்டும்.

கண்டிக்கு 2024இல் அம்மாவோடு போனேன். தலதா மாளிகை வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும்; 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த கெடுபிடி. உள்ளே புத்தரின் பல்லைப் பார்க்க முடியாது, அதை வைத்திருக்கும் பேழையைத்தான் தூரத்திலிருந்து பார்க்கலாம். "இதுக்கா இவ்ளோ க்யூ?" என்றார் அம்மா. உண்மையில் அவரைப் பிடித்து நிறுத்தியது வெளியே இருந்த ஏரி. அதை வெட்டியவர் கண்டியின் கடைசி அரசர் விக்கிரமராஜசிங்கன், நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் வெள்ளைக்காரன் பிடித்து வேலூர்க் கோட்டையில் அடைத்தான். 1832இல் அங்கேயே இறந்தார். சமாதி வேலூரில் பாலாற்றங்கரையில், முத்து மண்டபம் என்ற பெயரில் இருக்கிறது. இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ தண்ணிய வெட்டி வச்சிட்டு, நம்ம பாலாத்து மணல்ல வந்து படுத்துட்டாரே."

சரி, கைச்செலவு விஷயம். நேபாளத்துக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை போதும், ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே 1.60, மாறாத கணக்கு. இலங்கைக்குப் பாஸ்போர்ட் கட்டாயம், பயண அனுமதியையும் ஆன்லைனில் முன்னாடியே எடுத்துவிடுவது நல்லது. அதற்குப் பதில் பெங்களூரில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு. காட்மாண்டுவுக்குப் பெரும்பாலும் டெல்லியில் மாறி, ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஃபோனில் யுபிஐ இரண்டு நாட்டிலும் உண்டு, எல்லாக் கடையிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

சாப்பாடு, பேச்சு இரண்டிலும் கண்டிக்குத்தான் ஓட்டு. பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது, தோசை கிடைக்கிறது, ஆட்டோக்காரரிடம் தமிழிலேயே சண்டை போடலாம். காட்மாண்டுவில் பருப்பும் சோறும் நன்றாகவே இருக்கும். மூன்றாம் நாள் ரசத்துக்கு நாக்கு ஏங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் கண்டிப் பக்கத்து மலைகளைச் சரித்துப்போட்டது. ரயிலில் போக ஆசைப்படுகிறவர்கள் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஆக, மூட்டு வலிக்காரர்கள் இருக்கும் எதிர்வீட்டுக் குடும்பத்தைக் கண்டிக்குப் போகச் சொன்னேன். போன வருடம் கல்யாணமான மூலைவீட்டுத் தம்பிக்குக் காட்மாண்டு. வெளிநாட்டுக்காரன் வருகிறானா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் கடைகளுக்கு அவன் பணம் போய்ச் சேரட்டும், பேரம் மட்டும் கொஞ்சம் குறைவாகப் பேசு என்றேன். எதிர்வீட்டு மாமாவிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்பாடிக்கு ரயிலேறி, வேலூர் முத்து மண்டபத்தில் அந்த ராஜாவை ஒரு தரம் பார்த்துவிட்டு வரச் சொல்லி.