'வளர்சிதை வயது' காட்டும் எடைக்கருவி: வாங்குமுன் அறிய வேண்டியவை

தருமபுரியில் மின்சாதனக் கடையொன்றில் வாங்கிய, எடையோடு கொழுப்பு, தசை, நீர் ஆகியவற்றின் அளவையும் காட்டும் கருவியை நானும் அறுபதைக் கடந்த என் அம்மாவும் பயன்படுத்தி வருகிறோம். எடையைப் பிசகின்றிக் காட்டுகிறது. கைப்பேசிச் செயலியிலும் குறையில்லை. என் கவலையெல்லாம் திரையில் தோன்றும் 'வளர்சிதை வயது' என்ற எண்ணைப் பற்றியது. நம் வளர்சிதை மாற்றம், அதாவது உடல் ஆற்றலைச் செலவிடும் வேகம், எந்த வயதினருக்கு ஒத்தது என்று சொல்லும் எண் அது.

வெறுங்காலின் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடல் தரும் தடையோடு நாம் பதிந்த உயரம், வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்துக் கருவி போடும் கணக்கே அந்த எண். உடலின் நீரளவு மாறினாலே அதுவும் மாறிவிடும். அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் காட்டியதும், அவர் அஞ்சி இரவு உணவைக் குறைக்கத் தொடங்கினார். தசை கரையும் வயதில் அது செய்யத் தகாத காரியம்.

29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2021-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வின்படி, உடலளவைக் கணக்கில் கொண்டால், வளர்சிதை மாற்றத்தின் வேகம் 20 முதல் 60 வயது வரை ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்து, அதன் பின்னரே ஆண்டுக்குச் சுமார் 0.7 விழுக்காடு குறைகிறது. ஆகவே நாற்பதில் போடும் தொப்பைக்கு வயதை மட்டும் காரணம் காட்ட இயலாது. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் காடுகளில் நாள் முழுதும் உழைத்தவர்கள் நகரத்துக்கு வந்து கடையிலும் அலுவலகத்திலும் அமர்ந்த பின்னரும், களி உருண்டையின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது என்பதே நம் பகுதியில் நான் காணும் உண்மை.

கேழ்வரகு சுண்ணாம்புச் சத்து மிகுந்த நல்ல தானியம். ஆனால் 100 கிராமில் புரதம் ஏறத்தாழ 7 கிராம்தான். உருண்டையைச் சற்றுச் சிறிதாக்கி, கொள்ளுக் கடைசலோ அவரையோ முட்டையோ சேர்த்து உண்பதும், தசைக்கு வேலை தரும் பயிற்சியும் முதியோருக்கு மிகவும் வேண்டியவை.

காலையில் வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் ஏறி நின்று, தசை அளவு மாதக்கணக்கில் எப்படிப் போகிறது என்று கவனிப்பவர்களுக்கு இக்கருவி உதவும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதன்மீது ஏறக் கூடாது. அந்த எச்சரிக்கையோ, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது.