செட்டில்மென்ட்டா, முழுசாகக் கட்டுவதா?
கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் பாக்கி. வசூல் ஏஜென்ட் போனில், "சார், 40,000 கட்டுங்க, முடிச்சுடலாம்" என்கிறார். கேட்க இனிக்கும். ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு 'செட்டில்டு', அதாவது பாக்கியைக் குறைத்துக் கட்டி முடித்தது என்றே பதிவாகும். பின்னால் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் மேனேஜரின் கண் அங்கேதான் நிற்கும்.

முழுசாகக் கட்டினால் 'குளோஸ்டு'. பழைய தாமதங்கள் உடனே மறையாது, சிபில் ஸ்கோர் மெல்லத்தான் ஏறும். இருந்தாலும் சம்பளம் வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், தவணையாக இழுத்தாலும் சரி. வருமானமே நின்றுபோய் வட்டி மட்டும் ஏறுகிறது என்றால் செட்டில்மென்ட் தப்பில்லை.

எதுவானாலும் கட்ட வேண்டிய தொகையைச் சொல்லும் வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம். அதுவும் கடன் கணக்குக்கு, ஏஜென்ட்டின் ஜிபே எண்ணுக்கு அல்ல. அப்புறம், காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்க ரிசர்வ் வங்கி விதியில் இடமில்லை.