வேலையில் கெட்டி, வாயில் பூட்டில்லை: ஒரு பென்ஷன் சேவை மையம்

வேலூர்ப் பக்கம் எங்கள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கணினி சேவை மையம் இது. பெயரைப் போடப்போவதில்லை. போகிறவர்களுக்கு இடம் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தாருக்கு பென்ஷன் வழங்கும் இணையதளமான ஸ்பர்ஷ் உரிமையாளருக்குத் தலைகீழ்ப் பாடம். நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்கு வரும் கிழவர்களின் ரேகை தேய்ந்துபோன விரல்களை ஈரத்துணியால் துடைத்து, பதியும்வரை பொறுமையாக வைத்து வைத்து எடுப்பார். பிரயாக்ராஜில் உள்ள ராணுவ பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்குப் புகார் அனுப்ப வேண்டுமா, எந்தக் காகிதத்தை எங்கே ஏற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கட்டணமும் நியாயம்.

நான் போனது ஊன ஓய்வூதிய அரியர்ஸுக்காக. ராணுவத்தின் பொறியாளர் படையான சாப்பர்ஸில் வெடிச்சத்தத்தோடு வாழ்ந்து, காது போய், 30 சதவீத ஊனம் என்று எழுதி அனுப்பப்பட்டவன் நான். 50 சதவீதத்துக்குக் கீழே உள்ளதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. ஆகவே 30 சதவீத ஊனத்துக்குச் சம்பளத்தில் 9 சதவீதம் வாங்கியவனுக்கு, ஊனம் 50 ஆனால் 15 வர வேண்டும். சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் அதை வாங்கினேன். மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே நிலுவை என்றது ஆணை. அதற்கு முந்தைய பணம் போனது போனதுதான்.

பணம் ஏறிவிட்டதா என்று பார்க்க மனைவியோடு போனேன். இங்கேதான் சிக்கல். நான் காது மந்தமானவன், உரிமையாளர் உரக்கப் பேசுகிறவர். ‘ஐயா, டிசபிலிட்டி அரியர்ஸ் ஏறிவிட்டது’ என்று கத்தினார். எனக்குச் சரியாக விழவில்லை. தொகையோடு சேர்த்து மறுபடி கத்தினார். ரேஷன் அட்டைக்குக் காத்திருந்த பெண், பட்டாவுக்கு வந்த இருவர், வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது என்று மனைவி வெளியே வந்து சொன்னாள். அந்தத் தொகையை நான் இங்கேயும் எழுதமாட்டேன். அந்த வாரமே மனை விற்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ‘ஹவில்தார் ஐயா’ என்று விளித்தார். அதுவரை அவரை நான் பார்த்ததே இல்லை.

இதையாவது குரல்வாகு என்று விட்டுவிடலாம். மேசை மேல் கிடக்கும் நீல அட்டை நோட்டை அப்படி விட முடியாது. பக்கத்துக்குப் பக்கம் பென்ஷன்தாரர் பெயர், பயனர் எண், கடவுச்சொல், வங்கிக் கணக்கு எண். அலைபேசி இல்லாத சில விதவை அம்மாக்களுக்குத் தன் எண்ணையே பதிந்திருக்கிறார். ஓடிபி அவருக்கே வரும். உதவியாகத்தான் செய்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அந்த நோட்டு ஒருநாள் காணாமல் போனால் அந்த அம்மாக்கள் யாரிடம் போய் நிற்பார்கள்?

கணினித் திரையில் என் பெயரில் ஒரு கோப்புறை. உள்ளே மருத்துவக் குழு அறிக்கை முழுவதும், என் உடம்பில் இருப்பது இல்லாதது எல்லாம், அப்படியே கிடந்தது. அழிக்கச் சொன்னேன். ‘அடுத்த முறை தேவைப்படுமே ஐயா’ என்றார். நின்று அழிக்கவைத்தேன், குப்பைத்தொட்டியிலிருந்தும். முகம் சுளிக்காமல் செய்தார், அதையும் சொல்ல வேண்டும்.

போகிறவர்கள் ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலைக் கொண்டுபோங்கள். கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள், அன்றே மாற்றுங்கள். அச்சுப்பொறியில் நிற்கும் தாளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தொகை எவ்வளவு என்று கேட்காதீர்கள், தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. ரகசியத்துக்கு ஒன்று, அதுவும் அழிக்கச் சொன்னபோது அழித்ததற்காக. உயிர்வாழ் சான்றுக்கு வரும் நவம்பரிலும் இங்கேதான் போவேன். அரியர்ஸ் கணக்கை இனி மகளின் அலைபேசியில் பார்த்துக்கொள்கிறேன்.