90 நாளுக்கு ஒரு பாஸ்வேர்டா, நீளமாக ஒரே பாஸ்வேர்டா?

அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை, தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூரில் டெப்போக்கள், பேட்டையில் தலைமை அலுவலகம். இப்படிப் பரந்து கிடக்கும் ஒரு நெல் வியாபாரத்தின் ஈஆர்பி மென்பொருளை, அதாவது கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. புதிய பதிப்புக்கு மாறியபோது பாஸ்வேர்டு விதியை முதலிலிருந்து முடிவு செய்ய வேண்டி வந்தது.

முன்னால் இருந்தது இரண்டு வழி. ஒன்று, எல்லோருக்கும் பழக்கமானது: எட்டு எழுத்து, அதில் ஒரு கேப்பிட்டல், ஒரு எண், ஒரு குறி, 90 நாளுக்கு ஒருமுறை கட்டாய மாற்றம். மற்றது: குறைந்தது 15 எழுத்து, குறி, எண் என்று நிபந்தனை இல்லை, காலாவதியும் இல்லை, பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் மட்டும் மாற்றம். நான் எடுத்தது இரண்டாவது. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பாதுகாப்பு வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. காரணமில்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி. 2017இலேயே சொல்லிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2019இல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது. 90 என்ற எண்ணும் எல்லாரும் ஒத்துக்கொண்ட கணக்கு இல்லை. தகவல்களைச் சேமித்து வைக்கும் ஆரக்கிள் டேட்டாபேஸ் நாம் மாற்றாவிட்டால் 180 நாளோடு வருகிறது, அலுவலகக் கம்ப்யூட்டர்களை ஒன்றாக நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் 42 நாளோடு வருகிறது.

எடைமேடை அறைக்குப் போனால் விஷயம் இன்னும் தெளிவாகப் புரியும். பிசான (எங்கள் பக்கத்து நெல் பருவம்) அறுவடை நேரம், வாசலில் நெல் லாரிகள் வரிசையாக நிற்கும். அந்த நேரம் பார்த்து போன் வரும்: "அண்ணாச்சி, பாஸ்வேர்டு மாத்தச் சொல்லிக் கேக்கு, வெளிய வண்டி நிக்கு, என்ன போடட்டும்?" அவர் என்ன போடுவார்? ஏற்கெனவே இருந்த பாஸ்வேர்டின் வாலில் இருக்கும் 3ஐ 4 ஆக்குவார். மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கும் சீட்டில் 3ஐ அடித்துவிட்டு 4 என்று எழுதுவார். பழைய பாஸ்வேர்டு தெரிந்த எவருக்கும் புதியது தெரிந்த மாதிரிதான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, விதி அவரை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவருக்கே மறக்காத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதச் சொன்ன பிறகு சீட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று.

ஆனால் நான் முடிவெடுத்தது இதை வைத்து இல்லை. வேலையை விட்டுப் போனவரின் ஐடி (மென்பொருளுக்குள் நுழைய அவருக்குக் கொடுத்த பெயர்) என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான்.

90 நாள் விதிக்காக வாதாடுபவர்கள் சொல்வது இது: "யாராவது போய்விட்டால், நாம் மறந்தாலும் மூன்று மாதத்தில் அந்த ஐடி தானாகச் செத்துவிடும்." கேட்க நியாயமாக இருக்கிறது. சோதித்துப் பார்த்தால் அப்படி நடப்பதில்லை. பெரும்பாலான மென்பொருள்களில் பாஸ்வேர்டு காலாவதியாவது வேறு, ஐடி முடங்குவது வேறு. காலாவதியான ஐடியில் பழைய பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டால், "புதியது கொடுங்கள்" என்று கேட்டு உள்ளே விட்டுவிடும். போனவரே புதிய பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு தொடரலாம்.

அதனால் எந்த வழியை எடுத்தாலும் ஐடியின் நிலையை ஒருவர் கையால் பராமரித்தே ஆக வேண்டும். அந்த வேலைக்குத்தான் நேரம் தேவை. 90 நாள் விதியில் அந்த நேரமெல்லாம் பாஸ்வேர்டு ரீசெட் போன்களில் போய்விடுகிறது. விதியை எடுத்ததும் மிச்சப்பட்ட நேரத்தை நிலைப் பராமரிப்புக்குத் திருப்பினேன். சம்பளப் பட்டியல் வரும் நாளில் அதையும் நடப்பு ஐடி பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பட்டியலில் இல்லாதவரின் ஐடி அன்றே முடங்கும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களின் அறுவடைகளுக்கு மட்டும் வரும் தற்காலிக ஆட்களுக்கு ஐடி உருவாக்கும்போதே முடிவுத் தேதி போட்டுவிடுவேன். அவர்கள் போனதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முடக்கியதையும் தானாகப் பூட்டிக்கொண்டதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எஸ்.ஏ.பி. என்ற பெரிய ஈஆர்பி மென்பொருளில் நிர்வாகி பூட்டினால் 64, தப்பான முயற்சிகளால் பூட்டிக்கொண்டால் 128 என்று தனித்தனி எண்ணே உண்டு. உங்கள் மென்பொருளில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால், முடக்கிய காரணத்தையும் தேதியையும் குறிப்புப் பகுதியில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால், "பாவம், பாஸ்வேர்டு மறந்திருப்பார்" என்று யாராவது திறந்துவிடுவார்கள். தப்பு முயற்சிக்கு நான் வைத்திருப்பது பத்து முறை, அப்புறம் கால் மணி நேரம் பூட்டு, தானாகத் திறக்கும்.

ஐடியை அழிப்பது என்ற பேச்சே வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், பதிவில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடம் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய பதிவில் கை வைத்தது யார் என்று ஆடிட்டர் கேட்கும்போது அந்தப் பெயர் அங்கே இருக்க வேண்டும். எடைமேடையில் ஷிப்டுக்கு மூன்று பேர் ஒரே ஐடியில் வேலை பார்ப்பதையும் இதே காரணத்துக்காக நிறுத்தினேன்.

90 நாள் விதியிலேயே இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மென்பொருள் டேட்டாபேஸுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஐடிக்கும் காலாவதி ஓடிக்கொண்டிருக்கலாம். அது முடிந்த அன்று ஒருவர் இல்லை, எல்லா டெப்போவும் நின்றுவிடும்.

கார்டு விவரங்களைக் கையாளும் இடமாக இருந்தால் கதை வேறு. பாஸ்வேர்டு ஒன்று மட்டுமே காவல் என்றால் 90 நாளுக்கு ஒருமுறை மாற்றுவதை, கார்டு விவரங்களின் பாதுகாப்புக்கான பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். விதிகள் இன்னும் ஒரு வழியாக வைத்திருக்கின்றன. அங்கே என் விருப்பத்துக்கு இடமில்லை. ஆயிரக்கணக்கான பேர் புழங்கும் நிறுவனத்தில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே சம்பளப் பட்டியலைக் கண்ணால் ஒப்பிடுவது நடக்காது; ஆள் நிர்வாக மென்பொருளோடு ஐடியை நேரடியாக இணைத்தால்தான் சரிவரும். ஐம்பது, அறுபது பேர் உள்ள நெல்லைப் பக்கத்து ஆலைக்கும் கடைக்கும் ஒரு பட்டியலும் ஒரு பேனாவும் போதும்.