வெள்ளவத்தை வீட்டை ஒதுக்கியதும் அப்பாவின் ரீவி படுத்திய பாடும்

அம்மா அப்பாவின் வீட்டை விற்கக் கனடாவிலிருந்து கொழும்புக்குப் போய் வந்தேன் என்றால் எல்லோரும் உறுதி, நொத்தாரிசு, வீதிக்கோட்டுச் சான்றிதழ் என்றுதான் விசாரிக்கிறார்கள். அதெல்லாம் நடந்தது, நன்றாகவே நடந்தது, அதைப்பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. என் லீவைத் தின்றது அப்பாவின் ரீவி. 21 அங்குலம், பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரிப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும் பழைய கண்ணாடிக் குழாய் ரீவி. 1996 கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கென்றே வாங்கியது. மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை அவுஸ்திரேலியாவை அடித்தபோது பாதி ஒழுங்கை எங்கள் ஹோலுக்குள்தான் இருந்தது, சிங்களவர், முஸ்லிம், தமிழர் எல்லோரும், அம்மா தேத்தண்ணி ஊற்றிக் களைத்துப்போனா. கடைசிப் பத்து வருடமாக அது வேலை செய்யவில்லை, மேலே ஒரு பின்னல் துணி விரித்து சாமிப்படம் வைத்திருந்தார்கள்.

தரகர் சொன்னது சுகமான வழி. "அப்படியே விட்டுட்டுப் போங்கோ அக்கா, வாங்கிறவர் எப்படியும் இடிச்சு மாடிவீடுதானே கட்டப்போறார், இடிக்க வாறவங்கள் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போவாங்கள்." அதில் பாதி உண்மை. கொழும்பில் பழைய வீடு இடிப்பது ஒரு தொழில், தேக்கு யன்னல், கதவு நிலை, ஓடு, இரும்புக் கம்பி எல்லாவற்றையும் பக்குவமாகக் கழற்றி விற்றுவிடுவார்கள், ஒரு ஆணியைக்கூட வீணாக்க மாட்டார்கள். ஆனால் விலை போகாத சாமான் எங்கே போகும் என்று கேட்டேன். தரகர் சிரித்தார். எனக்குப் பதில் தெரியும், வாய்க்கால் பக்கம் போய்ப் பார்த்தால் யாருக்கும் தெரியும். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கு மேல் ஆட்கள் செத்த ஊர் இது. அந்தச் செய்தியை ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் இருந்து பார்த்துவிட்டு "ஐயோ" என்று சொன்ன வாயால் "அள்ளிக்கொண்டு போகட்டும்" என்று சொல்ல மனம் வரவில்லை.

விலை போகிற சாமான்களைப் பற்றிக் கவலையே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். போத்தல் பேப்பர்க்காரர் இன்னும் வருகிறார்! வண்டில் போய் முச்சக்கரவண்டி ஆகியிருக்கிறது, குரல் அதே குரல்தான். மருந்துப் போத்தல், ஓட்டை அலுமினியச் சட்டி, பழைய கேற், எல்லாவற்றையும் திண்ணையில் தராசு தொங்கவிட்டு நிறுத்துக் காசு எண்ணிக் கையில் தந்தார். ரொறன்ரோவில் மீள்சுழற்சிக்கான நீலத் தொட்டிக்குள் போட்டால் அது எங்கே போகிறது, யார் பிரிக்கிறார்கள், ஒன்றும் தெரியாது, நாங்களும் நல்லது செய்துவிட்டோம் என்று கதவைச் சாத்திவிடுவோம். இங்கே அந்த மனிதர் ஒவ்வொரு போத்தலையும் கையில் எடுத்துப் பார்த்து "இது போகும் மிஸ், இது போகாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். வீட்டுக் கதிரைகள், அம்மாவின் சிங்கர் மெஷின், அலுமாரி எல்லாம் சொந்தக்காரருக்கும் சமையலுக்கு வந்த அக்காவுக்கும் கேட்டுக் கேட்டுப் போய்விட்டன.

பேப்பர்தான் கொஞ்சம் மினக்கெடுத்தியது. வீரகேசரிக் கட்டுகளைத் தயங்காமல் கொடுத்தேன். ஆனால் ரீவி மேசை லாச்சிக்குள் அப்பா ஒரு கோவை வைத்திருந்தார்: வங்கிப் புத்தகங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த துண்டுகள். அதே 96 ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு தமிழர் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்து படுத்தாலும் முதல் வேலை பொலிஸ் பதிவு, அது இல்லாமல் ஒருவரும் எங்கள் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. இந்தக் காகிதங்களை நிறுத்து விற்க முடியாது. கொழும்பில் பழைய காகிதம் பையாகித் திரும்ப வரும், வடை வாங்கினால் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடம் எண்ணெயோடு சேர்ந்து கைக்கு வரும். காலிமுகத்திடலில் அப்பாவின் அடையாள அட்டை இலக்கத்தில் யாரோ கடலை தின்பதை நினைத்துப் பார்த்தேன். கனடாவில் என்றால் ஸ்டேப்பிள்ஸ் கடையில் கொடுத்தால் அரைத்துவிடுவார்கள். இங்கே வங்கிக் காகிதங்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்தேன், பதிவுத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டேன், அது குப்பையில்லை. வீட்டில் கிடந்த கல்வெட்டுகளையும் (செத்தவீட்டுக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகங்கள்) கோயில் மலர்களையும் தனியாக எடுத்துவைத்தேன், நூலகம் நிறுவனம் அப்படியான நினைவு மலர்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் இலவசமாக வைக்கிறது. செத்தவீட்டுப் புத்தகத்தை யார் வாசிப்பார் என்று நினைக்காதீர்கள், ஒரு ஊரின் வம்சாவழி முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

சரி, ரீவி.

போத்தல் பேப்பர்க்காரரிடம் காட்டினேன். சுற்றிவந்து பார்த்தார். "தாங்க மிஸ், உள்ளுக்க செம்பு இருக்கு." மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்றதும் கையை வாய்க்கால் பக்கம் ஒரு வீச்சு வீசினார், அவ்வளவுதான். அவருக்குத் தேவை குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள். அதற்காகக் கழுத்தை உடைப்பார்கள், உள்ளே காற்றில்லாத குழாய் என்பதால் கண்ணாடி உள்ளுக்கு இழுத்துச் சிதறும், அந்தக் கண்ணாடியில் ஈயம், உட்பூச்சில் வேறு நச்சுத் தூள். வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம். அவர் பிழைப்பை நான் ஏன் கெடுக்கிறேன் என்ற மாதிரிப் பார்த்தார், அதிலும் நியாயம் இருக்கிறது.

ஒழுங்கைக்கு வரும் குப்பை லொறித் தம்பிமார் தொடவேயில்லை. 2016 நவம்பரிலிருந்து குப்பையைத் தரம்பிரித்துத்தான் கொடுக்கவேண்டும், உக்குவது, உக்காதது என்று அம்மா கடைசிவரை ஒழுங்காகப் பிரித்தவ. ஆனால் ரீவி எந்த வகை? "அது எங்கட இல்ல." பிறகு யாருடையது? அதற்கு அவர்களிடம் பதில் இல்லை, விசில் அடித்துக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டார்கள். புதிய ரீவி விற்கும் காட்சியறை ஒன்றில் பழையதை எடுப்பீர்களா என்று கேட்டேன், புதியது வாங்கினால் பார்க்கலாம் என்றார்கள், விற்கப்போகும் வீட்டுக்கு நான் ஏன் புது ரீவி வாங்கவேண்டும்? பற்றரிக் கடை மட்டும் மரியாதை, அப்பாவின் பழைய யூபிஎஸ் பற்றரியைக் கேட்டு வாங்கி விலையும் தந்தது. ஈயத்துக்கு விலை உண்டு, அதே ஈயம் கண்ணாடிக்குள் இருந்தால் விலை இல்லை, கதை அவ்வளவுதான்.

ஸ்காபுரோவில் குப்பை நாளன்று வாசலில் வைத்தால் மின்னணுச் சாமானையும் எடுத்துக்கொண்டு போவார்கள். அதற்கு முதலே யாராவது பிக்கப்பில் வந்து தூக்கிவிடுவான் என்பது வேறு கதை, அவனும் எங்கே கொண்டுபோய் உடைக்கிறானோ.

கடைசியில் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ள மின்னணுக் கழிவு நிறுவனம் ஒன்றைப் பிடித்தேன். இலங்கையில் இந்தக் கழிவைச் சேகரிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், 2008 இலிருந்தே சட்டம் அப்படி. போனில் கதைத்த பிள்ளை மிகவும் பணிவு. "மேடம், ஒரு ரீவிக்கு லொறி அனுப்ப ஏலாது, லோட் சேர்ந்தா வருவம், மற்றது இந்த மாடலுக்கு நீங்கதான் காசு தரணும்." குப்பையைக் கொடுக்க நான் காசு கொடுப்பதா என்று ஒரு நிமிடம் பத்திக்கொண்டு வந்தது. கனடாவின் பல மாகாணங்களில் புதிய மின்னணுச் சாமான் வாங்கும்போதே அந்தக் காசைச் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள், பில்லில் ஒரு சின்னத் தொகை, நாங்கள் பார்ப்பதேயில்லை. இங்கே கடைசி ஆளின் கையில் கேட்கிறார்கள், அதனால்தான் எல்லோரும் வாய்க்காலுக்குப் போகிறார்கள்.

லோட் சேர்க்கவேண்டும் என்றால் சேர்ப்போம் என்று ஒழுங்கையில் வீடு வீடாகப் போனேன். இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்வீட்டு மாமி கட்டிலுக்குக் கீழே இருந்து கொம்பியூட்டர் ஒன்றை இழுத்தா, மூலை வீட்டு முஸ்லிம் நானாவின் கடையில் கிடந்த மொனிற்றர்கள், ஒரு வீடியோ டெக், யாரோ ஒரு குழந்தைக்கு வாங்கிய கீபோர்ட். எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, எறியவும் மனமில்லை, கொடுக்கவும் ஆளில்லை. முன்பு ஒரு மேட்சுக்குக் கூடிய ஒழுங்கை இப்போது கழிவுக்குக் கூடியது, தேத்தண்ணி மட்டும் நான் ஊற்றினேன். லொறி சொன்ன நாளில் வந்தது, சொன்ன நேரத்தில் இல்லை. நிறுத்தார்கள், பற்றுச்சீட்டு எழுதினார்கள், அப்பாவின் ரீவியை இரண்டு பேர் தூக்கினார்கள்.

அப்பாவின் மருந்துப் பை மட்டும் தீரவில்லை. ஒன்ராறியோவில் பார்மசிக்குக் கொண்டுபோனால் பழைய குளிசைகளை இலவசமாக வாங்கிக்கொள்வார்கள். இங்கே நான் கேட்ட பார்மசியில் இருந்தவர் "டொய்லட்டில போட்டு ஃபிளஷ் பண்ணுங்க" என்றார், அது நேரே கடலுக்குப் போகும். அட்டையிலிருந்து பிரித்து, பிழிந்த தேயிலைச் சக்கையோடு கலந்து கட்டிக் குப்பையில் போட்டேன், வேறு வழியில்லாதபோது செய்யச் சொல்வது அதைத்தான்.

போத்தல் பேப்பர்க்காரர் தந்த காசு ரீவியைக் கொண்டுபோன நிறுவனத்துக்குப் போதவில்லை, மிச்சத்தை நான்தான் போட்டேன். தம்பி லண்டனிலிருந்து வட்ஸ்அப்பில் கேட்டான்: "ரீவி வித்த காசில எனக்குப் பங்கு எங்க?" பற்றுச்சீட்டைப் படம் பிடித்து அனுப்பி, பாதியை அனுப்பிவை என்று எழுதினேன். இன்னும் அனுப்பவில்லை.